கோணல் வயலுக்குக் குழிக்கணக்கு: முக்கோணமாகப் பிரித்து அளக்கும் முறை

எங்கள் பக்கத்தில் சதுர வயல் அபூர்வம். நீடாமங்கலம் அருகே வெண்ணாறு பிரிகிற இடத்திலிருந்து பாமணியாறு கிளம்பி மன்னார்குடிப் பக்கம் வருகிறது. அதிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை. தண்ணீர் தனக்குத் தோதான வழியில் வளைந்து போயிருக்கிறது, வரப்பு அதன் பின்னாலேயே போயிருக்கிறது. அதனால் ஒரு பக்கம் நேராக இருந்தால் மறுபக்கம் கொக்கி மாதிரி வளையும், ஒரு மூலை கூர்ந்தால் எதிர்மூலை விரியும்.

அப்படிப்பட்ட வயலின் பரப்பைச் சொந்தமாக அளந்து கணக்குப் பார்க்க விரும்புகிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிலம் வாங்குகிறவர், குத்தகைக்கு எடுக்கிறவர், நடவுக்கு ஆள் பேசுகிறவர், வெளியூரிலிருந்து திரும்பி வந்து அப்பா நிலத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறவர் எல்லோருக்கும் இது பயன்படும். கணக்கு கடினமானது இல்லை. கூட்டல், பெருக்கல், பாதியாக்கல் தெரிந்தால் போதும்.

நான்கு பக்கம் மட்டும் போதாது

ஊரில் பரவலாக ஒரு வழக்கம் உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, இரண்டு பாதியையும் பெருக்கு, பரப்பு வந்துவிடும். எங்கள் அப்பா குத்தகைக்கு எடுத்த ஒரு வயலை இப்படித்தான் அளந்து, ஒன்றரை மாவுக்குச் சற்று மேல் என்று பேசி முடித்தார்கள் (எங்கள் பக்கம் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா). ஆறு வருஷம் அந்தக் கணக்குக்கே குத்தகை நெல் அளந்தோம். நிலத்துக்காரர் ஏமாற்ற நினைக்கவில்லை. அவரும் அந்தக் கணக்கைத்தான் நம்பினார். பிறகு நான் குறுக்கே டேப் பிடித்து அளந்தபோது இருந்தது 1 மா 35 குழி. இல்லாத இருபது குழிக்கு மேல் நிலத்துக்கும் சேர்த்து நெல் அளந்திருக்கிறோம். அந்த வயலையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குப் பெரியப்பா வரப்பில் நின்றுகொண்டு கேட்டார்: "நாலு பக்கமும் அளந்தாச்சுல்ல, அப்புறம் எதுக்குடா தம்பி குறுக்க நடக்குற?"

பதிலுக்கு நான்கு மூங்கில் சிம்புகளை வெட்டினேன். 10, 17, 20, 13 அங்குலம். வயலின் பக்கங்களில் பத்து அடிக்கு ஓர் அங்குலம். அதே வரிசையில் முனைக்கு முனை சணலால் கட்டி அவர் கையில் கொடுத்தேன். "அமுக்கிப் பாருங்க பெரியப்பா." அமுக்கினார். வயல் மாதிரி விரிந்திருந்தது சரிந்து, சப்பையாகி, கடைசியில் சிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிட்டன. நான்கு பக்கத்தின் நீளமும் மாறவில்லை, ஆனால் உள்ளே இடமே இல்லை. பிறகு அதை மறுபடி விரித்து, எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே ஐந்தாவதாக 21 அங்குலச் சிம்பு ஒன்றைக் கட்டிக் கொடுத்தேன். இப்போது அமுக்கினாலும் அசையவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இந்தக் குறுக்குக் கோல்தான் வயலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

முறையின் உயிரே அதுதான். நான்கு பக்க நீளம் ஒரு வயலின் பரப்பைத் தீர்மானிக்காது. மூன்று பக்க நீளம் ஒரு முக்கோணத்தின் பரப்பைத் தீர்மானித்துவிடும். அதனால் எந்தக் கோணல் வடிவத்தையும் முக்கோணங்களாகப் பிரிக்கிறோம்.

சராசரிக் கணக்கு நம் ஊரில் மட்டும் பிறந்ததில்லை. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில் உள்ள, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நிலக் கணக்குகளிலும் இதே முறைதான். கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-இல் இந்த விதியைச் சொல்லும்போதே அது தோராயம் என்று சொல்லிவிட்டார். அந்தத் தோராயம் ஒரே பக்கம்தான் சாயும். நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் சரியாக வரும், மற்ற எல்லா வடிவத்திலும் உள்ளதைவிட அதிகமாகவே காட்டும். குறைத்துக் காட்டவே காட்டாது. குத்தகை கொடுப்பவருக்கும் நடவு எடுப்பவருக்கும் அது சாதகம், பணம் கொடுப்பவருக்கு நஷ்டம்.

எப்போது, எதை வைத்து அளப்பது

சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்தபின் பங்குனி, சித்திரையில் வயல் காய்ந்து கிடக்கும். அதுதான் அளக்கும் காலம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேற்றுழவு தொடங்கிவிட்டால் குறுக்கே கயிறு கட்ட முடியாது. வாய்க்கால் வறண்டிருப்பதும் முக்கியம், ஏன் என்பது வளைவை அளக்கும்போது தெரியும்.

50 மீட்டர் டேப் ஒன்று (ஒரு பக்கம் அடி, மறுபக்கம் மீட்டர் போட்டது), 250 அடிக்குக் குறையாத நைலான் கயிறு, பத்துப் பன்னிரண்டு முளைக்குச்சி, ஒரு நோட்டு, கூட ஓர் ஆள். துணி டேப் வேண்டாம். நனைந்தால் சுருங்கும், பழசானால் நீளும். நார்க்கண்ணாடி டேப் நல்லது. எந்த டேப் ஆனாலும் சுழி எங்கே தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் கொக்கியின் நுனியே சுழி, சிலவற்றில் கொக்கி தாண்டி ஒரு சாண் வெற்றுத்துணிக்குப் பிறகுதான் கோடு இருக்கும்.

படம் முதலில், டேப் பிறகு

டேப்பை விரிக்கும் முன் வரப்பைச் சுற்றி ஒருமுறை நடங்கள். எங்கெல்லாம் திசை மாறுகிறதோ அங்கெல்லாம் ஒரு முளை அடியுங்கள். நோட்டில் கைப்படம் போடுங்கள், அளவுக்குப் பொருந்த வேண்டியதில்லை. மூலைகளுக்கு எழுத்து வைப்பதைவிட அங்கே நிற்பதையே பெயராக வைத்தால் குழப்பம் வராது. எங்கள் வயலில் பனை மூலை, கல் மூலை (சர்வே கல் நிற்பது), மடை மூலை, புங்கை மூலை. மடை மூலையிலிருந்து புங்கை மூலை வரைக்கும் வாய்க்கால் ஓரம்.

படம் போட்டபின் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: எந்த இரண்டு மூலைகளுக்குக் குறுக்கே கயிறு கட்டுவது? நான்கு மூலை வயலுக்கு ஒரு கயிறு, இரண்டு முக்கோணம். ஐந்து மூலைக்கு இரண்டு கயிறு, மூன்று முக்கோணம். ஆறு மூலைக்கு மூன்று கயிறு. எப்போதும் மூலை எண்ணிக்கையைவிட முக்கோணம் இரண்டு குறைவு. மூலை ஏதாவது உள்வாங்கி இருந்தால் கயிற்றை அந்த மூலையிலிருந்தே தொடங்குங்கள், இல்லையென்றால் கயிறு அடுத்தவர் வயலுக்குள் போய்விடும். முடிந்தவரை மெலிந்த முக்கோணம் வராமல் பிரியுங்கள். வாழைநார் போல நீண்டு ஒல்லியான முக்கோணத்தில், பக்கத்தில் அரை அடி தவறினாலும் பரப்பு மோசமாகத் தவறும்.

அளத்தல்

எங்கள் வயலுக்குப் பனை மூலையிலிருந்து மடை மூலைக்குக் கயிறு கட்டினோம். எடுத்த அளவுகள்:

பனை – கல்: 100 அடி
கல் – மடை: 170 அடி
மடை – புங்கை: 200 அடி
புங்கை – பனை: 130 அடி
குறுக்கே, பனை – மடை: 210 அடி

டேப்பின் நீளத்தைவிடத் தூரம் அதிகமானால் இடையில் ஒரு முளை அடித்து இரண்டு துண்டாக அளக்க வேண்டும். அந்த இடைமுளை நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு மூலையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இடைமுளை மறுமூலை முளையை மறைக்க வேண்டும். அதுவரை கூட வந்தவரை "கொஞ்சம் கிழக்க, கொஞ்சம் கிழக்க" என்று நகர்த்துங்கள். டேப் வரப்பு மேல் ஏறி இறங்கக் கூடாது. கிடைமட்டமாக, தொய்வில்லாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஏறி இறங்கினால் தூரம் கூடிக் காட்டும்.

அடியும் அங்குலமும் எழுதும்போது ஒரு தவறு எல்லோரிடமும் வருகிறது. 82 அடி 6 அங்குலத்தைக் கால்குலேட்டரில் 82.6 என்று போட்டுவிடுகிறார்கள். அது 82.5. அங்குலத்தை 12-ஆல் வகுத்துத்தான் புள்ளிக்குப் பின் போட வேண்டும். 3 அங்குலம் .25, 9 அங்குலம் .75.

முக்கோணப் பரப்பு

இரண்டு வழி இருக்கிறது. வயலில் நிற்கும்போது முதல் வழி எளிது.

முதல் வழி: அடிப்பக்கம் × உயரம் ÷ 2. குறுக்கே கட்டிய கயிறுதான் அடிப்பக்கம். கல் மூலையிலிருந்து அந்தக் கயிற்றுக்கு நேர்குத்தாக எவ்வளவு தூரம் என்பதே உயரம். நேர்குத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொத்தனாரின் மூலைமட்டம் தேவையில்லை. டேப்பின் சுழியைக் கல் மூலை முளையில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் டேப்பை இழுத்துப் பிடித்தபடி கயிற்றின் மேலே இடமும் வலமும் நகருங்கள். கயிற்றைத் தொடும் இடத்தில் டேப் காட்டும் எண் குறைந்துகொண்டே வரும், ஓர் இடத்தில் மிகக் குறைவாகி மறுபடி ஏறத் தொடங்கும். அந்த மிகக் குறைந்த எண்ணே உயரம். எங்களுக்கு அது 80 அடி, பனை மூலையிலிருந்து கயிற்றில் 60-ஆவது அடியில். அந்தப் பக்கம் புங்கை மூலையிலிருந்து 120 அடி, பனையிலிருந்து 50-ஆவது அடியில். அந்த இடங்களையும் படத்தில் குறித்து வையுங்கள், சரிபார்க்க உதவும்.

கல் பக்க முக்கோணம்: 210 × 80 ÷ 2 = 8,400 சதுர அடி.
புங்கை பக்க முக்கோணம்: 210 × 120 ÷ 2 = 12,600 சதுர அடி.
மொத்தம் 21,000 சதுர அடி.

இரண்டாம் வழி, உள்ளே பயிர் நிற்கிறது, உயரம் எடுக்க இறங்க முடியாது, ஆனால் மூன்று பக்கமும் தெரியும் என்றால். பள்ளியில் படித்த ஹெரான் சூத்திரம். மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழியுங்கள். பாதியையும் மூன்று மீதியையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். கல் பக்கம்: 100 + 170 + 210 = 480, பாதி 240. மீதிகள் 140, 70, 30. 240 × 140 × 70 × 30 = 7,05,60,000. போனில் √ அழுத்தினால் 8,400. புங்கை பக்கத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். பாதி 270, மீதிகள் 140, 70, 60. 12,600 வர வேண்டும்.

இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் அளவு சரி. ஐம்பது, நூறு சதுர அடி வித்தியாசம் வரலாம், வயலில் அது சகஜம். ஆயிரம் வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொரு சோதனையும் நான் விடுவதில்லை. மற்ற இரண்டு மூலைகளுக்கும் குறுக்கே, கல்லிலிருந்து புங்கைக்கும் ஒரு அளவு எடுங்கள். எங்களுக்கு 200 அடி 3 அங்குலம். இதை வைத்து வயலை வேறுவிதமாகப் பிரித்து ஹெரான் கணக்குப் போட்டால் 5,600-உம் 15,400-உம் வரும். கூட்டினால் அதே 21,000. இந்த அளவு கையில் இருந்தால் யார் எப்போது கேட்டாலும் தயங்காமல் சொல்லலாம்.

இப்போது ஊர்க் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 100-உம் 200-உம் கூட்டிப் பாதி 150. 170-உம் 130-உம் கூட்டிப் பாதி 150. பெருக்கினால் 22,500 சதுர அடி. பத்துக் குழிக்கு மேல் வானத்திலிருந்து விழுந்த நிலம்.

வாய்க்கால் ஓர வளைவு

மடை மூலையிலிருந்து புங்கை மூலைக்கு 200 அடி என்று நேர்க்கோட்டில் அளந்தோம். ஆனால் அங்கே வாய்க்கால் வயலுக்குள் வளைந்து வருகிறது. நேர்க்கோட்டுக்கும் உண்மையான வரப்புக்கும் நடுவில் ஒரு பிறை வடிவத் துண்டு இருக்கிறது. அது நம்முடையதில்லை, அதைக் கழிக்க வேண்டும். வாய்க்கால் வறண்டிருந்தால்தான் இந்த நேர்க்கோட்டில் கயிறு கட்ட முடியும். காலம் பற்றி முதலில் சொன்னது இதற்காகத்தான்.

கயிற்றில் 40 அடிக்கு ஒரு முளை அடித்தோம். ஒவ்வொரு முளையிலிருந்தும் கயிற்றுக்கு நேர்குத்தாக வரப்பின் விளிம்பு வரை அளந்தோம். நில அளவையர்கள் இதை ஆஃப்செட் என்பார்கள். தொடக்கத்தில் 0, பிறகு 8, 13, 11, 7, முடிவில் மறுபடி 0.

இப்படிப் பிரித்தால் பிறை ஐந்து துண்டாகிறது. இரு முனையிலும் முக்கோணம், நடுவில் மூன்று சரிவகம். சரிவகத்தின் பரப்பு, இணையான இரண்டு பக்கத்தின் சராசரியை இடைவெளியால் பெருக்குவது. ஒவ்வொன்றாகப் போடலாம், ஆனால் குறுக்குவழி இருக்கிறது. முதல் அளவிலும் கடைசி அளவிலும் பாதி எடுத்து, நடுவில் உள்ளவற்றை முழுதாகக் கூட்டி, இடைவெளியால் பெருக்கினால் போதும். இங்கே முதலும் கடைசியும் சுழி. 8 + 13 + 11 + 7 = 39. 39 × 40 = 1,560 சதுர அடி.

21,000 – 1,560 = 19,440 சதுர அடி. வயலின் பரப்பு இதுதான்.

வளைவு அதிகமாக இருந்தால் 40 அடிக்குப் பதில் 20 அடிக்கு ஒரு முளை அடியுங்கள். ஆஃப்செட் எண்ணிக்கை கூடினால் விடை உண்மைக்கு நெருங்கும். வாய்க்கால் வெளிப்பக்கம் வளைந்து போனால் இதே துண்டைக் கூட்ட வேண்டும். ஒரே பக்கத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வளைந்தால், கயிற்றுக்கு உள்ளே விழுவதைக் கழியுங்கள், வெளியே விழுவதைக் கூட்டுங்கள். நேர்க்கோட்டை விட்டு வளைவோடு டேப்பை ஓட்டி அளந்தால் 200-க்குப் பதில் 202 அடி காட்டும். அந்த எண்ணை முக்கோணக் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

குழி, மா, சென்ட், ஏர்

எங்கள் பக்கம் குழி என்றால் 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மா என்ற சொல்லுக்கே தமிழ்க் கணக்கில் இருபதில் ஒரு பங்கு என்றுதான் பொருள். வேலியில் 1/20 என்பதால் அது மா. மற்ற மாவட்டங்களில் குழியின் அளவு மாறும், அங்கே போய் நம் கணக்கைச் சொல்லாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

19,440 ÷ 144 = 135. அதாவது 1 மா 35 குழி. அப்பா நெல் அளந்தது 156 குழிக்கு.

சென்டுக்கு 435.6-ஆல் வகுக்க வேண்டும். 44.6 சென்ட் வரும். ஏக்கர் 43,560 சதுர அடி. "மூணு மா ஒரு ஏக்கர்" என்று வாய்க்கணக்காகச் சொல்வது நல்ல கணக்குத்தான், ஏக்கருக்கு இரண்டரைக் குழி மட்டும் குறையும். உரம், விதை பார்ப்பதற்கு அது போதும், கிரயம் பேசுவதற்குப் போதாது. பட்டாவில் ஹெக்டேர், ஏர் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். சதுர அடியை 10.764-ஆல் வகுத்தால் சதுர மீட்டர். நம் வயல் 1,806 சதுர மீட்டர், அதாவது 18.06 ஏர்.

சரியான பரப்பு தெரிந்தால் மற்ற கணக்கும் சீராகும். ஒரு ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் என்பது வழக்கமான அளவு. இந்த வயலுக்கு மூன்றரைச் சென்டுக்குச் சற்று மேல் விட்டால் போதும், கிட்டத்தட்ட 11 குழி. யூரியாவும் அப்படியே, மூட்டைக்கணக்கில் வீசாமல் பரப்புக்கு ஏற்ப நிறுத்துப் போடலாம்.

எதைக் கழிப்பது

எதற்காக அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பட்டாப் பரப்பில் வரப்பும் அடக்கம், போர்செட் கொட்டகையும் அடக்கம். நடவுக் கூலிக்குப் பேசும்போது நாற்று விழும் இடம் மட்டும்தான் கணக்கு. கொட்டகை 12 அடிக்கு 15 அடி இருந்தால் 180 சதுர அடி, ஒன்றேகால் குழி. தென்னை நிற்கும் திடல், குப்பைமேடு எல்லாவற்றையும் தனித்தனியே சின்ன வடிவமாக அளந்து மொத்தத்திலிருந்து எடுத்துவிடலாம்.

நம் ஊரில் இதற்கு ஆயிரம் ஆண்டு வழக்கம் இருக்கிறது. இராஜராஜன் காலத்தில் 1001-இல் நாடு முழுக்க நிலம் அளந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லி, ஊர் நத்தம், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், சுடுகாடு என்று இறை (நிலவரி) கட்ட வேண்டாத இடங்களை நீக்கி, மீதி நிலத்துக்குத்தான் இவ்வளவு நெல் என்று எழுதியிருக்கிறார்கள். வேலியின் மிக மிக நுண்ணிய பின்னம் வரைக்கும் அந்தக் கணக்கு இறங்கும். அந்தக் கல்வெட்டுகள் முன்னே நின்றால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

குட்டை வட்டமாக இருந்தால் கரையைச் சுற்றி ஒரு கயிறு விட்டுச் சுற்றளவு எடுங்கள். குறுக்கே விட்டமும் எடுங்கள். சுற்றளவில் பாதி, விட்டத்தில் பாதி, இரண்டையும் பெருக்கினால் பரப்பு. பழைய தமிழ்க் கணக்கின் விதி இது, பை மதிப்பே தேவையில்லை. வீட்டு மனை எல் எழுத்து மாதிரி இருந்தால் இரண்டு செவ்வகமாகப் பிரியுங்கள். ஆனால் மூலைகள் செங்கோணம்தானா என்று முதலில் பாருங்கள். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, இரண்டு குறிக்கும் நடுவே 5 அடி இருந்தால் செங்கோணம். இல்லையென்றால் மனையையும் முக்கோணமாகத்தான் பிரிக்க வேண்டும்.

புலப்படத்தைப் படிக்கும் விதம்

உங்கள் வயலை ஏற்கெனவே அரசாங்கம் முக்கோணமாகப் பிரித்து வைத்திருக்கிறது. அதுதான் புலப்படம், ஊரில் எஃப்.எம்.பி என்பார்கள். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்தால் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்திலேயே பார்க்கலாம். அதில் வயலுக்கு உள்ளே மூலைக்கு மூலை குறுக்கே ஓடும் புள்ளிக்கோடுகள் இருக்கும். அவற்றை ஜி லைன் என்பார்கள். நாம் கட்டிய கயிறு அதுதான். அதிலிருந்து பக்கவாட்டில் பிரிந்து வரப்பு வளைவுக்குப் போகும் சிறு கோடுகள் ஆஃப்செட்.

பழைய படங்களில் அளவு லிங்க்கில் இருக்கும். 1620-இல் எட்மண்ட் குண்டர் அமைத்த 66 அடிச் சங்கிலியில் நூறு கண்ணி, ஒரு கண்ணி ஒரு லிங்க். அதில் வசதி என்னவென்றால் 1,000 சதுர லிங்க் சரியாக ஒரு சென்ட். லிங்க்கில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சென்ட் வந்துவிடும். புதிய படங்களில் மீட்டர். 1:1000 என்று போட்டிருந்தால் தாளில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 10 மீட்டர், ஒரு சதுர சென்டிமீட்டர் சரியாக ஒரு ஏர். ரொம்பக் கோணலான புலத்துக்கு அந்தப் படத்தை வரைபடத்தாளில் எடுத்து, முழுக் கட்டங்களையும், பாதிக்கு மேல் உள்ள கட்டங்களையும் எண்ணினால் ஏர் கணக்கு தோராயமாகக் கிடைக்கும். 1:2000 என்றால் கட்டம் ஒன்றுக்கு 4 ஏர். ஒரு எச்சரிக்கை: பிரிண்ட் எடுக்கும்போது தாளுக்குப் பொருத்துவதற்காகப் படம் சுருங்கியிருக்கலாம். ஒரு கோட்டில் எழுதியிருக்கும் மீட்டரையும் ஸ்கேலால் அளந்த நீளத்தையும் ஒப்பிட்ட பிறகே கட்டம் எண்ணுங்கள்.

போனில் வரப்பைச் சுற்றி நடந்தால் பரப்பு காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஐந்து ஏக்கர் தோப்புக்கு அவை பரவாயில்லை. போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். ஒரு மா வயலின் பக்கமே சுமார் 36 மீட்டர்தான், அதில் சில மீட்டர் தவறினால் பரப்பில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். குழிக்கணக்குக்கு நான் டேப்பைத்தான் நம்புகிறேன்.

நீங்கள் அளந்ததும் புலப்படமும் ஒன்றிரண்டு குழி வேறுபட்டால் விட்டுவிடுங்கள். பத்துக் குழி வேறுபட்டால் முதலில் உங்கள் அளவை மறுபடி எடுங்கள். அப்போதும் வேறுபட்டால் வரப்பு நகர்ந்திருக்கலாம், கல் பெயர்ந்திருக்கலாம், வாய்க்கால் கரையை அரித்திருக்கலாம். அடுத்த வயல்காரரைக் கூப்பிட்டு அவர் முன்னிலையில் இன்னொருமுறை அளந்து காட்டுங்கள். எங்கள் அளவை நிலத்துக்காரர் முன்னால் எடுத்துக் காட்டியதால்தான் அடுத்த போகத்திலிருந்து குத்தகை 135 குழிக்கு மாறியது. நம் டேப் அளவு பேசித் தீர்ப்பதற்கு உதவும், பத்திரத்தில் ஏறாது. எல்லைத் தகராறு என்றால் அரசு நில அளவைக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். அளவையர் வரும் நாளில் உங்கள் கைப்படத்தையும் எடுத்துக்கொண்டு, குறுக்குக் கயிறு கட்டிய இரண்டு மூலைகளிலும் முளையடித்து வைத்திருங்கள்.